பாட்டு தெரியும், படம் தெரியுமா?

வணக்கம் நேயர்களே.

‘தலைவாரிப் பூச்சூடி உன்னை’ என்று தொடங்கும் பாரதிதாசன் பாட்டை இதே வானொலியில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பி.பானுமதியின் குரல், டி.ஆர்.பாப்பாவின் இசை. அந்தப் பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டால் பலரும் சற்று யோசிப்பார்கள். 1956இல் வந்த ‘ரங்கோன் ராதா’ அது. கட்டிய மனைவியைப் பைத்தியக்காரி என்று ஊரையே நம்பவைக்கப் பார்க்கும் ஒரு மனிதனின் கதை. அந்த மனிதனாக நடித்தவர் சிவாஜி கணேசன்.

கட்டபொம்மனையும் கர்ணனையும் திருவிளையாடலையும் நான் சொல்லித்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதில்லை. 1952 அக்டோபரில் ‘பராசக்தி’ வந்து ஒரே நாளில் நாயகனாகிவிட்ட பிறகும், அடுத்த நான்கு ஆண்டுகளில் சிவாஜி திரும்பத் திரும்பக் கெட்டவனாக நடித்தார். பெண்களை ஏமாற்றுகிறவன், நண்பன் மனைவியை நினைப்பவன், சொத்துக்காகக் கொடுமை செய்கிறவன் என்று வரிசையாக. பெயர் எடுத்த ஒரு நாயகன் இன்றைக்கு இப்படி வரிசையாக ஒப்புக்கொள்வது அரிது. சிவாஜி என்றால் மிகை நடிப்பு என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படங்களைப் பார்த்ததில்லை. அவரைக் கொண்டாடுகிறவர்களில் பலரும் இவற்றைப் பேசுவதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால் இன்று இந்தப் படங்களைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ‘திரும்பிப் பார்’. 1953, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம் இயக்கம், மு.கருணாநிதியின் எழுத்து. பரந்தாமன் என்ற பாத்திரம் சிவாஜிக்கு. நாவன்மையும் கவர்ச்சியும் உள்ளவன், பெண்கள் விஷயத்தில் துளிகூட மனசாட்சி இல்லாதவன். அன்றைய ஆட்சியாளர்களைச் சீண்டும் வசனங்கள் படத்தில் உண்டு. அதைவிட அன்றைய பார்வையாளர்களைக் கலங்க வைத்தது இறுதிக் கட்டம். தம்பியைத் திருத்த அக்காள் சொல்லும் வார்த்தைகள் இன்று கேட்டாலும் உடம்பு கூசும். அந்த அக்காள் பண்டரிபாய். ‘பராசக்தி’யில் சிவாஜியின் காதலி, இதில் அக்காள், அடுத்த ஆண்டு ‘அந்த நாள்’ படத்தில் மனைவி. மூன்றே ஆண்டில் மூன்று உறவு, மூன்றும் நம்பும்படி இருக்கின்றன. பண்டரிபாயைப் பிற்கால அம்மா வேடங்களில் மட்டும் அறிந்தவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

‘திரும்பிப் பார்’ முழுக்க வசனப் படம். வேகமாகப் பேசுகிறார்கள், எதுகை மோனையோடு பேசுகிறார்கள். இருபது நிமிடத்தில் களைப்புத் தட்டினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், தவறில்லை. மேடை நாடகத்தைக் காதால் கேட்டுப் பழகியவர்களுக்காக எழுதப்பட்ட மொழி அது.

இப்போது ‘அந்த நாள்’. 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்டது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர், வீணை பாலசந்தர் என்று நாம் கொண்டாடும் அதே கலைஞர். எடுத்த படத்தில் ஒரு பாட்டு கிடையாது. நடனம் இல்லை, சண்டைக்காட்சி இல்லை. ஒரு டஜன் பாட்டு இருந்தால்தான் படம் என்று எண்ணிய காலத்தில், இசையே உயிராக வாழ்ந்த ஒருவர் பாட்டே இல்லாமல் படம் எடுத்தார். முதல் வெளியீட்டில் அது ஓடவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் படத்தின் மதிப்பு பலருக்குப் புரிந்தது.

வானொலியில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய படங்கள் நம் நினைவில் நிற்பது பெரும்பாலும் பாட்டால்தான். படச்சுருள் எங்கோ மங்கிக்கொண்டிருக்கும், இசைத்தட்டு மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். ‘அந்த நாள்’ படத்துக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, ஒலிபரப்ப அதில் பாட்டே இல்லையே! இத்தனைக்கும் அதன் நாயகன் ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன்.

கதை 1943 அக்டோபரில் நடக்கிறது. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு வீசிய நாள். துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் செத்து விழுகிறான், படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. துப்பறியும் அதிகாரியாக வருகிறவர் ஜாவர் சீதாராமன், படத்தின் திரைக்கதையும் வசனமும் அவருடையதே. மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ராஜனோடு தொடர்புள்ள இன்னொரு பெண் என்று சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் சொல்லிலும் ஒரு ராஜன் எழுந்து வருகிறான். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ இதற்குத் தூண்டுதல் என்பார்கள். ஆனால் அங்கே உண்மை எது என்பது கடைசிவரை தெளிவதில்லை, இங்கே முடிச்சு அவிழ்கிறது. யார் சுட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. பார்ப்பதற்கு முன் யாரிடமும் கேட்காதீர்கள், எங்கும் தேடிப் படிக்கவும் வேண்டாம்.

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை சிவாஜியை மட்டும் பாருங்கள். ஐந்து பேர் சொல்லும் ஐந்து ராஜன்களும் ஒரே ஆளாகவும் இருக்க வேண்டும், ஐந்து பேர் கண்ணுக்கு வேறு வேறாகவும் தெரிய வேண்டும். ஒன்றில் குரலைக் கொஞ்சம் கூட்டியிருந்தாலும் மற்ற நான்கும் பொய்யாகிவிடும். அந்த அளவை அவர் எங்கும் தவறவிடவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இந்த வேடத்துக்கு முதலில் வேறொருவரை வைத்துக் கொஞ்சம் படம்பிடித்து, ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியாருக்கு மனநிறைவு வராமல்தான் சிவாஜியை அழைத்தார்கள். மூன்றாம் முறை பார்க்கத் தோன்றினால் மாருதி ராவின் ஒளிப்பதிவுக்காகப் பாருங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. சந்தேகத்தை வசனம் சொல்லும் முன்பே அந்த நிழல் சொல்லிவிடும்.

அதே 1954 ஆகஸ்டில் ‘கூண்டுக்கிளி’. டி.ஆர்.ராமண்ணா இயக்கம், எழுத்தாளர் விந்தன் எழுதியது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் என்று வினாடி வினாவில் கேட்பார்கள், நாமும் பதில் சொல்லுவோம், பார்த்திருக்கமாட்டோம். நண்பன் சிறைக்குப் போன பிறகு அவன் மனைவியை அடைய நினைக்கும் ஜீவா சிவாஜி, அந்த நண்பன் எம்.ஜி.ஆர். இருவரின் ரசிகர்களையும் அது நிறைவுபடுத்தவில்லை, தோல்விதான். பார்க்கும்போது யார் பெரியவர் என்ற கணக்கை ஒதுக்கிவையுங்கள். தான் செய்வது தவறு என்று தெரிந்தும் விடமுடியாமல் தவிக்கும் ஒருவனை சிவாஜி எப்படிக் கட்டுகிறார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. படமாக எடுத்துக்கொண்டால் நடுப்பகுதி தொய்வுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டிலேயே ‘எதிர்பாராதது’. ஜிக்கி பாடிய ‘சிற்பி செதுக்காத பொற்சிலையே’ இதில்தான். காதலன் இறந்துவிட்டான் என்று எண்ணிய பெண், சூழ்நிலையால் அவனுடைய தந்தைக்கே மனைவியாகிறாள். காதலன் திரும்பி வருகிறான், பார்வையிழந்து. காதலி சிற்றன்னையாகி நிற்கிறாள். சிவாஜி, பத்மினி, தந்தையாக நாகையா. கதை ஸ்ரீதர், அப்போது அவர் இயக்குநராகவில்லை. எழுபது ஆண்டுக்கு முன் இப்படி ஒரு கருவைத் தொட்டதற்கே துணிச்சல் வேண்டும். மூவரில் யாரையும் கெட்டவராக்காமல் கதையை நடத்தியது அதைவிடப் பெரிது.

மறுபடி ‘ரங்கோன் ராதா’வுக்கு வருகிறேன். சி.என்.அண்ணாதுரையின் நாவல், கருணாநிதியின் திரைக்கதை வசனம், ஏ.காசிலிங்கம் இயக்கம். கோட்டையூர் தர்மலிங்க முதலியாராக சிவாஜி, மனைவி ரங்கமாகப் பானுமதி. மச்சினி மேல் ஆசை, அவள் பங்குச் சொத்தின் மேல் அதைவிட ஆசை. மனைவியை விலக்க ஒரு காரணம் வேண்டும். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று கதை கட்டுகிறார். ஊரார் முன்னால் அன்பான கணவன், பெருமூச்சு, கவலை. கதவைச் சாத்தியபின் வேறு ஆள். ‘கேஸ்லைட்’ என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் பேயோட்டுவதும், குடும்ப மானமும், ‘முதலியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற ஊர் நினைப்பும் நம் மண்ணுக்கே உரியவை. ஒருவரைத் தன் அறிவையே சந்தேகிக்க வைத்து வதைப்பதைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். தமிழ்ப் படம் அதை 1956லேயே முழுநீளக் கதையாகச் சொன்னது.

இதில் சிவாஜியின் குரலைக் கவனியுங்கள். சில காட்சிகளில் கண்ணை மூடிக்கொண்டு, வானொலி நாடகம் கேட்பதுபோல் கேட்டுப் பாருங்கள். கொடுமைக்காரன் கத்துவான் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும். அவர் அமைதியாகப் பேசும் இடங்களில்தான் அச்சம் கூடுகிறது. எதிரே பானுமதி, சளைக்கவேயில்லை. திராவிட இயக்கத்தின் படங்களில் நடித்து வளர்ந்த சிவாஜி, ஐம்பதுகளின் நடுவில் திருப்பதிக்குப் போய்வந்ததற்காக அந்த இயக்கத்தாரின் கண்டனத்துக்கு ஆளானார். அந்தக் கசப்பு சூழ்ந்த காலத்தில் வந்த படம் இது. அரசியல் பின்னணியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வசனங்களின் கூர்மை இன்னும் விளங்கும்.

இந்தப் படங்களைப் பார்க்க உட்காரும்போது ஏற்படும் சில தொல்லைகளையும் சொல்ல வேண்டும், பலர் பாதியில் எழுந்துவிடுவது அவற்றால்தான். அந்தக் காலப் படம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும், அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. இன்றைய தொலைக்காட்சித் திரை அதை இழுத்து நிரப்பினால் முகங்கள் எல்லாம் உப்பித் தெரியும். படவிகித அமைப்பில் 4:3 என்று மாற்றுங்கள், இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதியும் உலவுகிறது. அதில் நெற்றியும் மோவாயும் அடிக்கடி காணாமல் போகும், அதைத் தவிருங்கள். ‘விவிட்’ என்ற பளிச்சிடும் அமைப்பையும், அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ‘அந்த நாள்’ படத்தின் நிழல்கள் அந்த அமைப்புகளில் இயல்பாகத் தெரியாது.

பிரதி முழுமையானதா என்று அறிய ஒரு கணக்கு இருக்கிறது. தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வந்தால் நிறுத்திப் பாருங்கள், படத்தின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். 35 மில்லிமீட்டர் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,000 அடி என்றால் ஏறத்தாழ 178 நிமிடம். நொடிக்கு 24 படச்சட்டத்துக்குப் (ஃப்ரேம்) பதில் 25 படச்சட்டமாக ஓட்டும் தொலைக்காட்சிப் பிரதியில் அது 171 நிமிடமாகக் குறையும், குரலும் சற்று மேலேறி மெலிந்து ஒலிக்கும். உங்கள் பிரதி 150 நிமிடமே ஓடினால் இருபது நிமிடத்துக்கு மேல் யாரோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டோ நகைச்சுவைப் பகுதியோதான் போயிருக்கும். நீளம் மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள்.

இன்னொன்று. பத்துப் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை படம் கீறல் விழுந்து, ஒரு வசனம் பாதியில் தாவினால் இயக்குநரைக் குறை சொல்லாதீர்கள். 1,000 அடிச் சுருள் ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் அங்கே சந்திக்கின்றன. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேய்வதும் கிழிவதும் சுருளின் முனைதான்.

அறுபதுகளில் இரண்டு படங்களை மட்டும் சொல்கிறேன். ‘மனமே முருகனின் மயில் வாகனம்’ பாட்டு தெரியும், ‘காத்திருந்த கண்களே’ தெரியும். இரண்டும் 1966 குடியரசு நாளில் வந்த ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யில். ஊருக்குப் பெரிய மனிதர், வீடு நிறையக் குழந்தைகள், ஆனால் வேறோர் ஊரில் இன்னொரு குடும்பம். இது தெரியவரும்போது வீடு என்ன ஆகிறது என்பதே படம். ஜெயலலிதா இதில் சிவாஜிக்கு மகள். 37 வயதில், நரைத்த தகப்பனாக, தவறு செய்தவராக நடிக்க ஒரு முன்னணி நாயகன் சம்மதித்தார். அந்த மனிதரை மன்னிப்பதா கூடாதா என்று வீட்டில் பேச்சு எழும், எழட்டும். படம் அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே கருணை காட்டுகிறது என்பது என் எண்ணம்.

மற்றொன்று 1967இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சிருக்கும் வரை’. நடிகர்கள் யாரும் ஒப்பனை போட்டுக்கொள்ளாமல் நடித்த படம். ‘முத்துக்களோ கண்கள்’ இதில்தான் வருகிறது. வேலையில்லாத இளைஞர்களின் வறுமை வியர்வையோடு தெரிகிறது. படம் ஓடவில்லை. ஒப்பனை இல்லாத அந்த முகத்தை அருகில் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால், ‘அந்த நாள்’ முதலில், இரவில், விளக்கை அணைத்துவிட்டு. அதன் நீளம் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம்தான். மறுவாரம் ‘ரங்கோன் ராதா’. பிறகு ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யைக் குடும்பத்தோடு பாருங்கள். ‘எதிர்பாராதது’, ‘நெஞ்சிருக்கும் வரை’, ‘கூண்டுக்கிளி’ எல்லாம் அதன்பின் உங்கள் விருப்பம்போல். ‘திரும்பிப் பார்’ கடைசியில் இருக்கட்டும், அந்த வசன மொழிக்குக் காது பழகியபின் பார்த்தால்தான் அக்காளின் அந்த இறுதிப் பேச்சு முழுதாக வந்து சேரும்.

வணக்கம்.