தட்டுவடை செட்டும் ரெண்டு போலீஸும்

வணக்கம். சேலத்து நேயர்களுக்கும், ஏற்காட்டில் மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறவர்களுக்கும். நான் விமர்சகன் இல்லை, இந்த ஊர்த் தியேட்டர் ஒன்றில் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இன்றைக்கு ஒரு படத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தைவிட, அதற்கு விமர்சகர்கள் மார்க் போட்ட விதம்தான் எனக்குச் சுவாரஸ்யம்.

படம் ‘ரஷ் ஹவர்’. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானது. ஹாங்காங் போலீஸாக ஜாக்கி சான், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸாக கிறிஸ் டக்கர். ஒருத்தருக்குக் கையும் காலும் பேசும், இன்னொருத்தருக்கு வாய் ஓயாது. சீனத் தூதரக அதிகாரியின் மகளைக் கடத்திவிடுகிறார்கள், இவர்கள் ரெண்டு பேரும் எலியும் பூனையுமாக அடித்துக்கொண்டே போய் மீட்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

இதை எத்தனை தடவைதான் பார்ப்பது என்று அங்கே பலர் அலுத்துக்கொண்டார்கள். அது நியாயமான அலுப்புதான். 1982-லேயே ‘48 ஹவர்ஸ்’ வந்துவிட்டது, அதில் நிக் நோல்டி போலீஸ், எடி மர்ஃபி கைதி. மர்ஃபிக்கு அதுதான் முதல் படம். 1987-ல் ‘லெத்தல் வெப்பன்’. அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு மூணு. ரோஜர் ஈபர்ட் என்ற பெரிய விமர்சகர் இந்த வகைக்கு ‘வன்ஸா படம்’ என்ற பேரைப் பிடித்துக்கொண்டார். ‘ஒருத்தன் இன்ன ஆள், இன்னொருத்தன் இன்ன ஆள்’ என்பதை இங்கிலீஷில் ‘ஒன் இஸ் எ...’ என்று கடகடவென்று சொன்னால் வருகிற சத்தம் அது. இப்படிக் கிண்டல் பண்ணிவிட்டு, அதே மனுஷன் ‘ரஷ் ஹவர்’ படத்துக்கு நாலுக்கு மூணு ஸ்டார் கொடுத்தார். நாமென்ன, 1966-லேயே நம்ம ஏற்காடு ரோடு மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ ஜெய்சங்கரையும் ஆர்.எஸ்.மனோகரையும் சேர்த்து ‘இரு வல்லவர்கள்’ எடுத்த ஊர்க்காரர்கள், நமக்கு ஜோடிப் படம் புதுசா?

என் கட்சி இதுதான். சேலத்தில் சாயங்காலம் ஆனால் தட்டுவடை செட் சாப்பிடாதவர் யார்? கீழே ஒரு தட்டுவடை, மேலே ஒரு தட்டுவடை, நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ரெண்டு வகைச் சட்னி. வண்டிக்காரரிடம் போய் “என்னங்க, போன வாரம் மாதிரியே வட்டமா இருக்கே” என்று யாராவது சண்டை போடுகிறோமா? நடுவில் இருப்பதுதான் கணக்கு. சட்னியில் காரம் தப்பினால் அந்தத் தெருவுக்கே மறுபடி போகமாட்டோம். இந்த மாதிரிப் படத்திலும் ரெண்டு பேருக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் ருசி பார்க்க வேண்டும். கதை பழசு என்று மூன்று பத்தி எழுதுகிறவர் வடையின் வட்டத்தை அளந்துகொண்டிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. ‘ராட்டன் டொமேட்டோஸ்’, அதாவது அழுகின தக்காளி என்று பேர் வைத்து, விமர்சனங்களை எல்லாம் கூட்டிச் சதவீதம் போடுகிற தளம் இருக்கிறதே, அதை ஆரம்பித்த சென் டுவாங் ஒரு ஜாக்கி சான் ரசிகர். ‘ரஷ் ஹவர்’ ஆகஸ்டில் வரப்போகிறது, ஜாக்கி படங்களுக்கு அமெரிக்காவில் வந்த விமர்சனங்களை ஒரே இடத்தில் சேர்த்துவைப்போம் என்று 1998-ல் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். படம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது, தளம் மட்டும் சொன்னபடி ஆகஸ்டில் வந்துவிட்டது. அங்கே 60 எடுத்தால் நல்ல தக்காளி. எந்தப் படத்துக்காகத் தக்காளி பயிர் வைத்தாரோ அந்தப் படமே 60-ஐ நூலிழையில்தான் தாண்டி நிற்கிறது! 2007-ல் வந்த மூன்றாம் பாகத்தைக் கேட்காதீர்கள், 20 கூட இல்லை.

ஏன் இப்படி நூலிழையில் நிற்கிறது? அந்தக் கணக்கில் ஒவ்வொரு விமர்சனத்துக்கும், படம் தேறியதா, தேறவில்லையா என்று ரெண்டே கூடை; நூற்றுக்கு எத்தனை நல்ல கூடையில் விழுந்தது என்பதுதான் அந்தச் சதவீதம். “கதை பழசு, ஆனால் ஜோடி அருமை” என்று எழுதினால் நல்ல கூடை. “ஜோடி அருமை, ஆனால் கதை பழசு” என்றால் அழுகின கூடை. ரெண்டு பேரும் சொன்னது ஒன்றேதான், ‘ஆனால்’ மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு குறையும் சொன்னார்கள், இன்றைக்கு அது கூடுதலாகவே கேட்கிறது. சீனர்களையும் கறுப்பர்களையும் வைத்துப் பண்ணின கிண்டல் பல இடங்களில் மட்டமானது என்று. அதை நான் மறுக்கமாட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், நம்ம படங்களில் நிறத்தைச் சொல்லிக் கிண்டலடித்தபோது சிரித்த மாதிரியேதான். இப்போது பார்த்தால் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது.

சரி, எங்கள் தியேட்டருக்கு வருகிறேன். வந்தது இங்கிலீஷ் பிரிண்ட். டக்கர் பேசின வேகத்துக்கு இங்கிலீஷ் வாத்தியாருக்கே மூச்சு வாங்கியிருக்கும், எங்கள் ஜனம் என்ன செய்யும்? பின்னால் ஜாக்கியே, டக்கர் பேசினது தனக்குப் புரியவில்லை, அந்தப் படத்தில் தனக்குத் திருப்தி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆக, படத்தில் நடித்தவரும் தரை டிக்கெட்டும் ஒரே கட்சி. இருந்தும் சிரித்தார்கள். விமானத்திலிருந்து இறங்கின ஜாக்கியிடம், நான் பேசுவது புரிகிறதா என்று டக்கர் வாயைத் திறந்து காட்டி, சத்தத்தை ஏற்றி ஏற்றிக் கேட்பார். ஜாக்கி சும்மா சிரித்துக்கொண்டு நிற்பார். புது பஸ் ஸ்டாண்டில் வடக்கத்திப் பையனிடம் தமிழையே இன்னும் உரக்கக் கத்தினால் புரிந்துவிடும் என்று நம்புகிற கண்டக்டரை எல்லாரும் பார்த்திருக்கிறோமே! அப்புறம் ஓட்டல் வாசலில் காவல் இருக்கும்போது ஒருத்தர் ஆட்டம் சொல்லிக்கொடுக்க, மற்றவர் எதிரி கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குகிற வித்தையைச் சொல்லிக்கொடுப்பார். அந்த இடத்தில் ஹாலில் வந்த சத்தம் மேலே எனக்கு மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

முதல் நாள் மேட்னியில் ஒரு தப்புப் பண்ணினேன். படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தால் புரொஜக்டர் விளக்கை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம், அடுத்த ஷோவுக்குக் கூட்டம் நிற்குமே. அன்றைக்கும் அணைத்தேன். அணைத்த பிறகுதான், எழுத்துக்குப் பக்கத்திலேயே ஷூட்டிங்கில் சொதப்பின துண்டுகள் ஓடுவது தெரிந்தது. டக்கர் சீன வார்த்தையைச் சொல்ல முடியாமல் திணறுகிறார், ஜாக்கி அவரைக் கலாய்க்கிறார். கீழே விசில், நாற்காலி தட்டல், என் அம்மாவைப் பற்றிச் சில விசாரிப்புகள். சீனியர் அண்ணன் ஓடி வந்து, “ஏன்டா தம்பி, மறுபடி ஏத்துடா” என்றார். ஏற்றினேன். வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்து, கதவில் சாய்ந்தபடி, உட்காராமலே, கடைசி எழுத்து வரை பார்த்தார்கள்.