விழுந்த பல்லைக் கழுவித் தேய்க்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பல் டொக்டர் பேச வந்தால் இனிப்புத் தின்னாதே, இரவில் பல் தீட்டு என்றுதான் சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். அடிபட்டு வேரோடு கழன்று விழுந்த பல்லைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

சில வருசத்துக்கு முந்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, கையில் கொழுந்துக் கறை போகாமல், ஒன்பது வயது மகனோடு வந்தார். கிரிக்கெட் மட்டை பட்டு மேல்வரிசை முன்பல் ஒன்று முழுசாக வெளியே வந்திருந்தது. "பல்ல நல்லா தேச்சுக் கழுவிக் கொண்டாந்திருக்கேங்க ஐயா" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கடதாசிக்குள் பல், காய்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. விழுந்து மூன்று மணித்தியாலம். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மண்ணில் விழுந்த எதையும் தேய்த்துக் கழுவத்தானே நமக்குத் தெரியும்?

ஆனால் அந்த வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர்தான். பல்லை எலும்போடு பிடித்துவைப்பது அதுதான். பல் விழுந்த பிறகும் அதிலுள்ள கலங்கள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். தேய்த்தால் உரிந்துபோகும், காய்ந்தால் செத்துப்போகும். முதல் 15 நிமிடத்துக்குள் பல் குழிக்குள் திரும்பிப் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு. வெளியில் காய்ந்து 60 நிமிடம் தாண்டினால் அந்தக் கலங்கள் அநேகமாக மிஞ்சாது.

இப்போது நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்கள். மேல் டிவிசனிலிருந்து கரத்தை ரோட்டுக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து, டவுனுக்கு வருவதற்குள்ளேயே அந்த ஒரு மணித்தியாலம் முடிந்துவிடும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு என்றால் இன்னும் மலைப்பாதை. ஆகவே பல்லைத் திரும்ப வைக்க வேண்டியவர் நான் இல்லை, அங்கே பக்கத்தில் நிற்கிற நீங்கள். அம்மாவோ, மாஸ்டரோ, பிள்ளைக்காம்பரா ஆயாவோ, யாராக இருந்தாலும் சரி.

பல்லை வெள்ளையான தலைப்பக்கம் பிடித்துத் தூக்குங்கள், வேரில் விரல் படவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் குளிர்ந்த பைப் தண்ணீரில் பத்து செக்கன் காட்டுங்கள். சவர்க்காரம், உப்பு, மஞ்சள் ஒன்றும் வேண்டாம். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது என்று கண்டுகொண்டு, குழிக்குள் மெதுவாகத் தள்ளுங்கள். பிள்ளை கத்தும், உங்கள் கை நடுங்கும். பயந்த அளவுக்கு வலிக்காது. மடித்த சுத்தமான லேஞ்சி ஒன்றைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் நாங்கள் சரிசெய்வோம்.

வைக்க முடியவே இல்லையா? குளிர்ந்த பசும்பாலில் போடுங்கள், சீனி சேர்க்காமல். பாலில் அந்தக் கலங்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில் அவை ஊதி வெடிக்கும். லயத்தில் எல்லா நேரமும் பசும்பால் இருக்காது, தெரியும். அப்படியானால் பிள்ளையை ஒரு கோப்பையில் எச்சில் துப்பச் சொல்லி, அதில் பல்லைப் போடுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் கடதாசியை விட எவ்வளவோ மேல். அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர்கூடப் பரவாயில்லை, காயவிடுவதுதான் கூடாது.

பிள்ளை மயங்கினால், வாந்தி எடுத்தால், தலையில் அடிபட்டிருந்தால் பல் பிறகு. முதலில் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. கீழே வளர்கிற நிரந்தரப் பல் கெட்டுவிடும். ஆனாலும் அடிபட்ட ஈறை வந்து காட்டிவிட்டுப் போங்கள். எது எதுவென்று எப்படித் தெரியும்? ஆறு வயசுக்குக் கீழே என்றால் முன்பல் அநேகமாகப் பால் பல். புதிதாக முளைத்த நிரந்தரப் பல் பெரிதாக, நுனியில் ரம்பம் மாதிரி மூன்று சின்ன மேடுகளோடு இருக்கும்.

வந்த பிறகு பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து இரண்டு கிழமை கட்டுவோம், டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்ப்போம். முழுசாக வளர்ந்த வேர் என்றால் அந்த இரண்டு கிழமைக்குள், பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்துச் சுத்தம்செய்து அடைக்கிற வேர்ச்சிகிச்சையும் தொடங்க வேண்டும். அதுவரைக்கும் கட்டி ரொட்டியைக் கடிக்க வேண்டாம், சோற்றைக் குழைத்துக் கொடுங்கள்.

அந்தப் பையனின் பல்லையும் வைத்துத்தான் விட்டேன். பிந்திப்போன பல் எலும்போடு ஒட்டி, வருசப்போக்கில் வேர் கரைந்துபோகும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனாலும் அவன் வளரும்வரை எலும்பும் இடமும் நிற்கும். "அது போதுங்க ஐயா, பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைங்க இவனப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க" என்றார். பையன் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.