தூக்க வேண்டாம், எழ விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1840-களில் லண்டனில் சாரா நியூபரி என்று ஒரு பெண் இருந்தார். வயது 39. உடம்பெல்லாம் வலி, தீராத அசதி. ஒரு நாள் கணவர் அவரைச் சட்டென்று தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். அந்தத் தூக்கலிலேயே தொடை எலும்பு முறிந்தது. 1844-ல் அவர் இறந்த பிறகு சாமுவேல் சாலி என்ற மருத்துவர் எலும்புகளைத் திறந்து பார்த்தார். மஜ்ஜை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக வேறு ஏதோ நிரம்பியிருந்தது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் அது ஒன்று.

பிசியோதெரபிஸ்டாக இந்த நோயாளிகளின் வீடுகளுக்கு நான் போகும்போதெல்லாம் அந்தக் கணவர்தான் நினைவுக்கு வருவார். அன்போடு தூக்கிய கை அது.

நம் எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சில செல்கள் பழையதை அரித்தெடுக்கும், சில செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைத் தயாரிப்பவை பிளாஸ்மா செல்கள். மைலோமாவில் இவை கெட்டுப்போய் மஜ்ஜைக்குள் பெருகி, அரிக்கிற செல்களை முடுக்கிவிடுகின்றன, கட்டுகிற செல்களை முடக்கிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் பார்த்தால் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்ட மாதிரி வட்ட வட்டமாக இருக்கும். நோயைக் கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு எலும்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

நான் பார்த்த ஓர் அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது முதுகில் சுருக்கென்றது. சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். அப்புறம் மெடிக்கல் கடையில் வலி மாத்திரை. நாலு மாதம் இப்படியே ஓடியது. வழக்கமாகக் கட்டுகிற சேலை தரையில் புரள்வதை மகள்தான் கவனித்தார். அம்மா குள்ளமாகியிருந்தார். ஸ்கேனில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன.

அந்த நாலு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். இந்த நோயில் ரத்தத்தில் சேரும் புரதம் ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும். ஐம்பது வயதுக்கு மேல் முதுகுவலி வாரக்கணக்கில் விடவில்லை, கூடவே ரத்தசோகையும் இருக்கிறது என்றால் உருவிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எலும்பு கரைந்து கால்சியம் ரத்தத்தில் ஏறினால் அடங்காத தாகம், மலச்சிக்கல், ஒருவித மந்தம், குழப்பம் வரும். அந்த நேரத்தில் 'எலும்புக்கு நல்லது' என்று கால்சியம் மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

சரி, நோய் தெரிந்துவிட்டது. மைலோமாவுக்கான மருந்துகளோடு எலும்பரிப்பைக் குறைக்க ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு டெனோசுமாப் ஊசி போடுவதுண்டு. இவற்றை ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

இனி என் வேலைக்கு வருகிறேன். "எலும்பு உடைஞ்சிடும், அசையாம படுங்க" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் வேகமாகத் தேயும், தசை கரையும், காலில் ரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. எந்த எலும்பு பலவீனம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நடக்க வைக்க வேண்டும். தொடை எலும்பு உடையும் நிலையில் இருந்தால் உடைவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துவிடுவார்கள்.

அந்த அம்மாவை மகள் தினமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். முதல் நாளே அதை நிறுத்தினேன். மல்லாந்து படுத்திருப்பவர் முதலில் இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது போல, பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையைப் படுக்கையில் ஊன்றி எழ வேண்டும். இடுப்பைத் திருகவே கூடாது. மகள் பக்கத்தில் நின்றால் போதும். முதல் தடவை அந்த அம்மாவுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வியர்த்துவிட்டது. ஆனால் தானே எழுந்தார்.

குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. தரையில் உட்காருவதையும் இந்தியன் டாய்லெட்டையும் தவிர்க்கச் சொல்வேன். பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி ஒரு சின்ன விளக்கு, காலில் தடுக்குகிற மிதியடியை எடுத்துவிடுவது, இவ்வளவுதான் செலவு.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள். கால் திடீரென்று தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் போன கால் திரும்பாமலே போகலாம்.

அந்த அம்மா இப்போது வாக்கர் வைத்துக் குழாயடி வரை போய் வருகிறார். குடத்தை மகள் தூக்குகிறார். தண்ணீர் வரும் நேரத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்க வேண்டும், அதற்குத்தான் போகிறேன் என்றார். வணக்கம்.