ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் டூர் டி பிரான்ஸ் ஜெயிக்க முடியுமா? ஒரு 4 விநாடிக் கதை

[திரையில்: ஆல்ப் துவேஸ், பிரான்ஸ். 2024 ஆகஸ்ட் 18]

பெண்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸின் கடைசி நாள். மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு பெண் மலையுச்சியில் முடிவுக்கோட்டைத் தாண்டுகிறார். தாண்டியதும் தரையில் சாய்ந்துவிடுகிறார். பெயர் காஷா நியவ்யாதோமா, போலந்துக்காரர். அன்றைய ரேஸில் அவருக்கு 4-ஆவது இடம்தான். முதலிடம் நெதர்லாந்தின் டெமி வோலரிங்குக்கு. அவர் ஒரு நிமிடம் முன்பே வந்து, அவரும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல்தான் இருக்கிறார். சாம்பியன் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. யாராவது கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டும்.

சொன்னார்கள். ஏறத்தாழ 950 கிலோமீட்டர், 24 மணி 36 நிமிட சைக்கிள் ஓட்டம், வித்தியாசம் 4 விநாடி. சாம்பியன் நியவ்யாதோமா. டூரைப் பல ஸ்டேஜ்களாக, அதாவது தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் ஓட்டுவார்கள். அந்த டூரில் வோலரிங் 2 ஸ்டேஜ் ஜெயித்திருந்தார், நியவ்யாதோமா ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

இது எப்படி நியாயம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஜ் ரேஸ் என்ற விளையாட்டு மொத்தமும் புரிந்துவிடும். போகலாம்.

[திரையில்: 8 ஸ்டேஜ்களின் வரைபடம், ரோட்டர்டாமிலிருந்து ஆல்ப் துவேஸ் வரை]

ஆண்களுக்கான டூர் 1903-இல் தொடங்கியது. லோட்டோ என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகை விற்பனையைக் கூட்டுவதற்காகப் போட்ட திட்டம் அது. ஒரே நாளில் முடிந்தால் ஒரு நாள்தான் பேப்பர் விற்கும், வாரக்கணக்கில் இழுத்தால் தினமும் விற்கும். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. 1919-இல் முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி வந்ததற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணமும் அதுதான். பெண்களுக்கு 1984 முதல் 1989 வரை ஒரு டூர் நடந்தது. பிறகு வெவ்வேறு பெயர்களில் சில ரேஸ்கள் வந்து போயின. இப்போது நாம் பார்க்கும் டூர் 2022-இல் தொடங்கியது. 2024-இல் 7 பேர் கொண்ட 22 அணிகள், 7 நாளில் 8 ஸ்டேஜ்.

விதி எளிமையானது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள். தினமும் முதலாவதாக வர வேண்டிய அவசியம் கிடையாது. 1990-இல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் ஆண்கள் டூரை ஜெயித்தார். 2017-இல் கிறிஸ் ஃபுரூமும் அப்படியே. மறுபக்கம் மார்க் கேவண்டிஷ்: 35 ஸ்டேஜ் ஜெயித்தவர், டூர் வரலாற்றிலேயே அதிகம். ஆனால் மொத்த ரேஸை ஜெயிக்கும் கணக்கில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சமதளத்தில் கடைசி 200 மீட்டர் அவருடையது. மலை வந்தால் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

சரி, இவ்வளவு பேர் ஒன்றாக ஓட்டினால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான நாள்களில் வருவதே இல்லை. காரணம் காற்று.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது காற்றுதான். முன்னால் ஒருவர் போனால் காற்றை அவர் கிழித்துக்கொண்டு போகிறார், நீங்கள் அந்த இடைவெளியில் ஒண்டிக்கொள்ளலாம். பெலோட்டான் என்று சொல்லும் பெருங்கூட்டத்தின் நடுவயிற்றில் இருந்தால் இன்னும் சுகம். தனியாக ஓட்டுபவர் மேல் மோதும் காற்றில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் அங்கே இருப்பவர் மேல் படுகிறது என்று 2018-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கூட்டம் அரட்டை அடித்துக்கொண்டு போவதுபோலத் தெரிவது இதனால்தான்.

அதனால் ஒவ்வொரு அணியிலும் ஒரு தலைவி, மற்ற ஆறு பேர் அவருக்குக் காற்றுமறைப்பு. இந்த உதவி வீரர்களுக்கு தொமெஸ்தீக் என்று பெயர், பிரெஞ்சில் வீட்டு வேலையாள் என்று அர்த்தம். காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி முதுகிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொண்டு மறுபடி முன்னால் ஓடுவார்கள். தலைவியின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டே என்ன சாப்பிடுகிறார்கள் தெரியுமா? ஜெல், எனர்ஜி பார் எல்லாம் உண்டு. ஆனால் பல அணிகளின் சமையலறையில் காலையில் முதலில் நடப்பது அரிசி வேகவைப்பது. குட்டை அரிசியைக் குழைய வடித்து, சர்க்கரையும் மென்மையான சீஸும் போட்டுப் பிசைந்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, பர்ஃபி மாதிரி வெட்டி, ஒவ்வொன்றையும் ஃபாயில் தாளில் மடித்து ஜெர்சியின் பின்பாக்கெட்டில் வைத்துவிடுவார்கள். உலகத்தின் மிகக் கடினமான ரேஸ், கட்டுச்சோற்றில் ஓடுகிறது.

சரி, கணக்குக்குத் திரும்புவோம். ஒரு கூட்டம் இடைவெளி விடாமல் சேர்ந்து கோட்டைத் தாண்டினால் முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். இல்லையென்றால் எல்லோரும் முன்னால் வர முண்டியடித்து விழுந்து வாரிவிடுவார்கள். அதே காரணத்துக்காக இன்னொரு விதி: சமதள ஸ்டேஜ்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால், எந்தக் கூட்டத்தோடு வந்தீர்களோ அந்தக் கூட்டத்தின் நேரமே உங்களுக்கும். இந்த 3 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் போனஸ். ஸ்டேஜ் கோட்டை முதலில் தாண்டுபவரின் மொத்த நேரத்திலிருந்து 10 விநாடி கழிப்பார்கள். இரண்டாமவருக்கு 6, மூன்றாமவருக்கு 4. பார்த்தால் சில்லறைக் காசு. நம் கதை முழுவதும் இந்தச் சில்லறையில்தான் நடக்கிறது.

[திரையில்: 4-ஆவது ஸ்டேஜ், வால்கன்பர்க் – லியேஜ்]

முந்தைய ஆண்டு, 2023-இல், டூரை ஜெயித்தவர் வோலரிங். 2024-இலும் அவரை அசைக்க ஆளில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரோட்டர்டாமில் 6.3 கிலோமீட்டர் டைம் டிரயல், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு மோதும் ஸ்டேஜ். ஜெயித்து மஞ்சளை வாங்கிவிட்டார். அடுத்த நாள் லியேஜ் நகரத்துக்கு மூன்று பேர் ஒன்றாக வருகிறார்கள்: வோலரிங், நியவ்யாதோமா, நெதர்லாந்தின் இளம் வீராங்கனை பக் பீட்டர்சே. வோலரிங்கும் பீட்டர்சேயும் கோட்டில் ஒரே நேரத்தில் சைக்கிளை முன்னே எறிகிறார்கள். புகைப்படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். பீட்டர்சே முதல், வோலரிங் இரண்டு, நியவ்யாதோமா மூன்று. அன்றைக்கு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

[திரையில்: 5-ஆவது ஸ்டேஜ், பஸ்தோன் – அம்நேவில்]

மறுநாள் அம்நேவில் நகரை நெருங்கும்போது வளைவில் ஒரு கூட்டமே சரிகிறது. அதில் மஞ்சள் ஜெர்சியும் இருக்கிறது. வோலரிங் எழுந்து, வலியோடு மறுபடி ஏறி ஓட்டுகிறார். விழுந்த இடத்திலிருந்து முடிவுக்கு சுமார் 6 கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் விதி இங்கே உதவாது. நியவ்யாதோமா இருந்த முன்கூட்டத்துக்கும் அவருக்கும் 1 நிமிடம் 47 விநாடி இடைவெளி விழுந்துவிடுகிறது. அந்த ஸ்டேஜை ஜெயித்தது யார்? வோலரிங்கின் சொந்த அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ். தலைவி கீழே கிடக்க, அணியினர் ஏன் முன்னாலேயே போனார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. நெரிசலில் யார் விழுந்தார், யார் தப்பினார் என்பது முன்னால் போகிறவருக்கு உடனே தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் மஞ்சள் ஜெர்சியை அப்படி விட்டுவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கு இரண்டாவதாக வந்தவர் நியவ்யாதோமா. 6 விநாடி போனஸ். லியேஜில் வாங்கிய 4 ஏற்கெனவே பையில் இருக்கிறது. மஞ்சள் ஜெர்சி கைமாறுகிறது. 2022, 2023 இரண்டு டூரிலும் மூன்றாவதாக முடித்தவர் அவர். எப்போதும் பக்கத்தில் வந்து தவறவிடுபவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

[திரையில்: 8-ஆவது ஸ்டேஜ், உயர வரைபடம். கிளாந்தோன் கணவாய், பிறகு ஆல்ப் துவேஸ்]

கடைசி நாள். வோலரிங் 1 நிமிடம் 15 விநாடி பின்னால். முன்னால் இரண்டு ராட்சத மலைகள். கிளாந்தோன் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஏற்றம், உச்சி 1,924 மீட்டர். அதன்பிறகு இறங்கி, ஒரு பள்ளத்தாக்குச் சாலையைக் கடந்து, 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ். இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே கிளாந்தோன் ஏற்றத்தில் வோலரிங் பாய்கிறார். அவரோடு ஒட்டிக்கொண்டது ஒருவர் மட்டும், பாலியேனா ரோயாக்கர்ஸ். நியவ்யாதோமாவால் பின்தொடர முடியவில்லை.

ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றின் ஆதிக்கமும் குறைவு, அங்கே கால் பலம்தான் பேசும். அங்கே வோலரிங் விநாடிகளை அள்ளுகிறார். பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் காற்று திரும்பி வந்துவிடுகிறது. முன்னால் இரண்டே பேர், அதிலும் பெரும்பாலும் காற்றைக் கிழிப்பது வோலரிங். பின்னால் நியவ்யாதோமா ஒரு சின்னக் கூட்டத்தில் இருக்கிறார். அதில் இருந்த மற்ற அணிக்காரர்களுக்கும் முன்னால் போயே ஆகவேண்டிய சொந்தக் காரணங்கள் இருந்தன. யாரோ யாருக்காகவோ காற்றைக் கிழிக்க, மஞ்சள் ஜெர்சி நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

ஆல்ப் துவேஸில் திரையின் ஓரத்தில் ஓடிய எண்களைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும். இடைவெளி விரிய விரிய, கணக்குப்படி ஒரு கட்டத்தில் மஞ்சள் வோலரிங்கிடம் போய்விடுகிறது. அடுத்த வளைவில் திரும்பி வருகிறது. வோலரிங் கோட்டில் ரோயாக்கர்ஸை முந்தி ஸ்டேஜை ஜெயிக்கிறார், 10 விநாடி போனஸ். மூன்றாவதாக பிரான்ஸின் எவிதா முசிக். அவருக்குப் பின்னால், வோலரிங்குக்கு 1 நிமிடம் 1 விநாடி கழித்து, நியவ்யாதோமா.

[திரையில்: 75 – 61 – 10 = 4]

75 விநாடி கையில் இருந்தது. 61 போனது. போனஸாக இன்னொரு 10 போனது. மீதி 4. ஆண்கள் டூரில் மிகக் குறைந்த வித்தியாசம் 1989-இல் லெமாண்ட் ஜெயித்த 8 விநாடி. இது அதில் பாதி.

நியவ்யாதோமா அந்த வாரத்தில் பொறுக்கியது லியேஜில் 4, அம்நேவிலில் 6. இதில் எது இல்லாவிட்டாலும் தனியாக முன்னிலை அவருக்கு இல்லை.

இப்போது அந்த லியேஜ் புகைப்படத்துக்குத் திரும்பிப் போங்கள். வோலரிங்கின் டயர் கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தால் அவருக்கு 6-க்குப் பதிலாக 10. கூடுதலாகச் சரியாக 4 விநாடி. இருவரும் சமம். சமமானால் என்ன செய்வார்கள் என்றும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது: டைம் டிரயலில் ஒதுக்கிவைத்த விநாடியின் நூறில் ஒரு பங்குகளை எடுத்துச் சேர்த்து மறுபடி கூட்டுவார்கள்.