ஸ்டாக்ஸ் கடைக்குப் பூட்டுப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை வளர்த்த சிறு இசைத்தட்டுக் கம்பெனிகள் விழுந்தது சொந்தக் கோளாறாலா, பெரிய கம்பெனிகளின் பிடியாலா என்பது தலைப்பு. "கணக்குப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கடை எதற்கு?" என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். சரி, ஒரே ஒரு கடையின் கணக்கை விரிக்கிறேன். அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனி.

தொடங்கியவர் ஜிம் ஸ்டூவர்ட், 1957இல். வங்கியில் வேலை, ஓய்வு நேரத்தில் பிடில். ஒலிப்பதிவு மெஷின் வாங்கக் காசில்லை. அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தார். இந்த அக்காவை நமக்குத் தெரியாதா என்ன? 1960இல் மூடிக் கிடந்த சினிமா தியேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். உள்ளே ஒலிப்பதிவு. முறுக்கும் மிட்டாயும் விற்கிற மாதிரியான முன்பக்க இடத்தில் அக்காவின் இசைத்தட்டுக் கடை. கடைக்கு வரும் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள் என்று பார்த்தே அடுத்த பாட்டின் போக்கைத் தெரிந்துகொண்டார்கள். ஐயா, இதைவிட வியாபார மூளை வேறென்ன வேண்டும்? நிறவெறி ஊறிய ஊரில், இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர் என்று புக்கர் டி இசைக்குழு அங்கே சேர்ந்து வாசித்தது. 1962இல் இன்னொருவருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த ஓட்டிஸ் ரெடிங், மிச்சமிருந்த நேரத்தில் பாடிப் பாடகரானார்.

இங்கேதான் பெரிய கை நுழைகிறது. ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளின் விநியோகம் அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்திடம். 1967 டிசம்பரில் ஓட்டிஸ் விமான விபத்தில் போனார். அதே சமயம் அட்லாண்டிக்கும் கைமாறியது. அப்போதுதான் 1965 ஒப்பந்தத்தைப் புரட்டினார்கள்: அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பாடல்களின் மாஸ்டர் டேப்புகள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்! ஜிம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், அதுவும் வங்கி ஊழியர். அது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடியவனும் வாசித்தவனும் இங்கே, பாட்டு மட்டும் அங்கே என்று எழுதி வைத்தவர் கைக்கு என்ன பெயர்?

எதிரணி ஒன்றை மறைத்துவிட்டது. ஸ்டாக்ஸ் அத்தோடு சாகவில்லை. ஆல் பெல் என்ற கறுப்பின நிர்வாகி 1969இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார். ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேய்ஸ் நாடறிந்த நட்சத்திரமானார். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேடியத்தில் ஸ்டாக்ஸ் நடத்திய கச்சேரிக்கு, ஒரு டாலர் டிக்கெட்டில், லட்சம் பேர் கூடினார்கள். கணக்குத் தெரியாதவர் செய்கிற காரியமா இது?

அதே ஆண்டு சிபிஎஸ் என்ற இன்னொரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம். அதைப் பேசி முடித்த கிளைவ் டேவிஸை 1973இல் சிபிஎஸ் வேலையை விட்டு அனுப்பியது. அப்புறம் கடைகளில் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு கிடைப்பதே பாடானது. விலகவும் விடவில்லை, ஒழுங்காக விற்கவும் இல்லை. சரக்கு போகாத கடை கடனை எப்படி அடைக்கும்? கடன் கொடுத்த வங்கி நெருக்க, 1975 டிசம்பரில் கதவு மூடியது. வங்கியை ஏமாற்றினார் என்று ஆல் பெல் மேல் வழக்குப் போட்டார்கள். 1976இல் விடுதலையானார். எதிரணி நண்பர்கள் அந்தத் தீர்ப்பையும் ஒருமுறை புரட்டலாம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். கடையைக் காப்பாற்ற ஜிம் ஸ்டூவர்ட் கடைசியில் தன் வீட்டை அடமானம் வைத்தார். அக்கா வைத்த வீடு கடையைத் திறந்தது. தம்பி வைத்த வீடு திரும்பி வரவில்லை.