முட்டைக்கு எந்தச் சொல்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஆங்கிலத்தை வளர்த்தது பிறந்த வீட்டுச் சொல்லா, வந்து சேர்ந்த சொல்லா?" இதுதான் வழக்கு. எனக்கு முன் பேசிய சகோதரி, "வாட்டர், மதர், ஹவுஸ், ஈட் எல்லாம் ஆங்கிலோ சாக்சன் காலத்துச் சொற்கள். கடன் வாங்கிய சொல் கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் போகும், அடுப்படிக்கு வராது" என்றார். அவர் சொன்ன நான்கும் பழஞ்சொற்களே, மறுக்கவில்லை. ஆனால் அடுப்படிக்கு வராது என்றாரே, அதை மட்டும் விடமாட்டேன் ஐயா.

இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் ஒரு முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். தேம்ஸில் கிளம்பிய கப்பல் காற்றில்லாமல் நின்றுவிட்டது. வணிகர்கள் கரையேறினார்கள். அதில் ஒருவர் ஒரு வீட்டில் சாப்பாடு கேட்டார், குறிப்பாக முட்டை வேண்டும் என்றார். 'எக்' என்ற சொல்லால் கேட்டார். அந்த வீட்டம்மா சொன்ன பதில்: "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க." கேட்ட வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட வந்தவர் 'எய்ரன்' என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

எய்ரன்தான் பிறந்த வீட்டுச் சொல். எக், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் சொல். 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாட வந்த கூட்டம், பின்னால் குடியிருக்கவும் வந்தது. இன்றைக்கு லண்டனில் போய் எய்ரன் கேட்டால் யார் கொடுப்பார்கள்? முட்டையோடு நிற்கவில்லை. நைஃப், விண்டோ, ஸ்கை, ஏன், வீட்டுக்காரரைச் சொல்லும் ஹஸ்பண்ட் வரைக்கும் நார்ஸ்தான்.

அதைவிட ஒன்று, படிக்கும்போதெல்லாம் என்னை வியக்க வைப்பது. பழைய ஆங்கிலத்தில் 'அவனுக்கு' என்றாலும் 'ஹிம்', 'அவர்களுக்கு' என்றாலும் 'ஹிம்'. ஒருவனா பலரா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவை நார்ஸிலிருந்து வந்த 'தே', 'தெம்', 'தெயர்'. பொருளுக்குப் பெயர் கடன் வாங்காத மொழி உண்டா? 'அவர்கள்' என்பதையே கடன் வாங்கிய மொழி அபூர்வம் ஐயா.

1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தில் ஆட்சிக்கு வந்த பிறகு பீஃப், மட்டன், போர்க் எல்லாம் பிரெஞ்சிலிருந்து தட்டுக்கு வந்தன. நம் கட்டுமரமும் சுருட்டும்கூட ஆங்கில அகராதியில் ஏறிவிட்டன.

இதை எதிர்த்தவரும் இருந்தார். கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக். தாய்மொழி மேல் உயிரையே வைத்திருந்த பெரிய மனிதர், அவரை வணங்கித்தான் பேசுகிறேன். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களின் தலைவனான செஞ்சூரியனுக்கு 'ஹண்ட்ரடர்' என்று சொந்தச் சொல் கட்டினார். அது நிலைக்கவில்லை. 1557-இல் ஒரு கடிதத்தில், நம் மொழி கலப்பில்லாமல் தூய்மையாக இருக்க வேண்டும், வாங்கிக்கொண்டே இருந்து திருப்பிக் கொடுக்காவிட்டால் திவாலாகிவிடும் என்று மனம் நொந்து எழுதினார்.

அந்தக் கடிதத்தில் தூய்மைக்கு அவர் எழுதிய சொல் 'ப்யூர்'. பிரெஞ்சு வழியாக வந்தது. திவாலுக்கு எழுதியது 'பேங்க்ரப்ட்'. அதன் வேர் இத்தாலியில் இருக்கிறது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.