வேகக் காரும் பின்சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம். வேகமாகப் போகும் கார் உடம்பை உலுக்கும், சொகுசான கார் மந்தமாகப் போகும் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் உண்டு. இந்த இரண்டையும் ஒரே வண்டிக்குள் கொண்டுவரப் பார்ப்பதுதான் லக்சுரி ஸ்போர்ட்ஸ் செடான். நான்கு கதவு, குடும்பத்தோடு உட்கார இடம், பெட்டி படுக்கை வைக்க டிக்கி எல்லாம் இருக்கும். ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பல வருடங்களாகவே இந்த ரகக் கார்கள் மேல் எனக்குத் தீராத ஆசை.

இந்தக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது குதிரைத் திறன். சரி, அது வேண்டியதுதான். ஆனால் இன்று சக்திக்குப் பஞ்சமே இல்லை. மின்சார கார்கள் வந்த பிறகு நூறு கிலோமீட்டர் வேகத்தை நான்கு விநாடிக்குள் தொடுவதுகூடப் பெரிய அதிசயமாக இல்லை. என்னைக் கேட்டால், இந்த ரகக் காரின் தரத்தைச் சொல்ல வேண்டியவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்தான். ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் கையில் இருக்கிறது. அடுத்து வருவது திருப்பமா பள்ளமா என்று முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் உடம்பு அலுங்காமல் போய்ச் சேர்ந்தால் அது நல்ல கார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது மெர்சிடிஸ் 500 ஈ. 1990ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார்கள். அந்த நிறுவனத்தின் வழக்கமான செடானுக்குள் 5 லிட்டர் வி8 இன்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தினார்கள். 326 குதிரைத் திறன். அந்த வண்டியை உருவாக்கும் வேலையில் பெரும்பங்கை ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் போர்ஷே நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அகலமான டயர்களுக்கு இடம் வேண்டுமே, அதனால் மட்கார்டுகள் வெளியே புடைத்தன. அப்புறம்தான் சிக்கல். அகலமாகிவிட்ட அந்த பாடி மெர்சிடிஸின் சொந்த அசெம்பிளி லைனுக்குள் நுழையவில்லை!

என்ன செய்தார்கள் தெரியுமா? பாடியின் பாகங்களை ஸிண்டல்ஃபிங்கனில் இருக்கும் மெர்சிடிஸ் தொழிற்சாலையிலிருந்து ஸுஃபன்ஹவுஸனில் இருக்கும் போர்ஷே தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே கையால் இணைத்து, பெயின்ட் அடிக்கத் திரும்ப மெர்சிடிஸுக்கு. பெயின்ட் முடிந்ததும் இன்ஜின் பொருத்த மறுபடியும் போர்ஷேக்கு. கடைசிச் சோதனைக்கும் டெலிவரிக்கும் மறுபடியும் மெர்சிடிஸுக்கு. ஒரு கார் முடிய 18 நாள். போர்ஷேக்கு அப்போது விற்பனை சரிந்திருந்த நேரம், இந்த வேலை அவர்களுக்கும் கைகொடுத்தது. 1995 வரை இப்படியே பத்தாயிரத்துச் சொச்சம் வண்டிகள் செய்தார்கள். இவ்வளவு பாடுபட்டும், தெருவில் போனால் சாதாரண செடான் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பின்பக்கம் ஆளும் சுமையும் ஏறினாலும் வண்டியின் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷனை அதில் வைத்ததுதான். இவ்வளவு வேகமான காரிலும் பின்சீட்டுக்காரரை மறக்கவில்லை.

அந்த வண்டியின் டயரில் 225/55 என்று எழுதியிருக்கும், ரிம் 16 அங்குலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 124 மில்லிமீட்டர். இன்று 20 அங்குல ரிம்மில் 245/35 டயர் போட்ட செடானை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் 86 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும். அதைக் குறைத்துவிட்டுச் சொகுசை எங்கே தேடுவது? பெரிய ரிம் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. திருப்பத்தில் வண்டி ஸ்டியரிங்கின் பேச்சைச் சட்டென்று கேட்கும். ஆனால் அடியும் சத்தமும் நேராக உள்ளே வரும். ரிம் கனமாகிவிட்டால் சக்கரம் மேலும் கீழும் துள்ளுவதை அடக்குவதும் கஷ்டம். வாங்கப் போகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது இதுதான்: சின்ன ரிம் கிடைத்தால் அதையே கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சின்ன ரிம்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழும். அதைச் சும்மா விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே திணறிப் போவதால்தான் அந்த ஆட்டம் அடங்குகிறது. இளக்கமாக வைத்தால் மெதுவாகப் போகும்போது சுகம், ஆனால் வேகத்தில் வண்டி மிதக்கும். இறுக்கமாக வைத்தால் வேகத்தில் நிதானம் வரும், ஆனால் ஊருக்குள் முதுகு வலிக்கும். இதற்குத் தீர்வாகத்தான் இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் வந்தன. ஒரு வகையில் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்திருப்பார்கள். காந்தப்புலம் பட்டதும் சில மில்லி விநாடிகளில் அது கெட்டியாகும். 2002இல் கேடிலாக் செவில் காரில் இது வந்தது. என் பார்வையில், நூறு குதிரைத் திறன் கூட்டுவதைவிட இது பெரிய முன்னேற்றம்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வடிவமைப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். பின்சக்கரங்களுக்குச் சக்தி போகும் செடான்களில் முன்கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். நின்றிருக்கும்போதே பாயத் தயாராக இருப்பது போன்ற தோற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சீட்டைப் பொறுத்தவரை தோலின் பளபளப்பில் மயங்க வேண்டாம், தொடைக்கு முட்டிவரை தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்ட் டிரைவ் போனால் ஓட்டிப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பின்சீட்டில் உட்காருங்கள். மோசமான ரோடாகப் பார்த்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லுங்கள். உங்கள் தலை ஆடுகிறதா, காலடியில் டயர் இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். விலையை அப்புறம் பேசலாம். வணக்கம்.